நெய் என்னும் அடைமொழி

மைசூரின் மண்டி மொஹல்லா தொடங்கிச் சென்னை வரை, இனிப்புக் கடைகளில் இரண்டு தட்டுகள் அருகருகே இருக்கக் காணலாம். ஒன்று நெய் மைசூர்பாகு; மற்றொன்று வெறும் மைசூர்பாகு, விலை குறைவு. கடலைமாவு, சர்க்கரை, நெய் ஆகிய மூன்றால் ஆன பண்டத்துக்கு ‘நெய்’ என்ற அடைமொழி ஏன் தேவைப்பட்டது? வீட்டுக்காரர் திண்ணையில் நிற்க, குடிவந்தவர் பெயர்ப்பலகையைத் தமதாக்கிக்கொண்ட கதைதான்.

நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைச் சமையற்காரர் காகாசுர மாதப்பாவின் கைப்பண்டம் இது என்பர். அம்மன்னர் மறைந்தது 1940இல். டால்டா சந்தைக்கு வந்தது 1937இல். அசலுக்கும் போலிக்கும் இடைவெளி அவ்வளவு குறைவு.

“ஏழைக்கும் இனிப்பு வேண்டாமா?” என்பது வணிகர் தரப்பின் வழக்கமான கேள்வி. வேண்டும். மாற்றுப்பொருள் குற்றமன்று. இரண்டாம் உலகப் போரில் அரிசி அருகியபோது பெங்களூரின் எம்.டி.ஆர். உணவகம் ரவையைக் கொண்டு இட்லி அவித்தது. அதை ‘ரவா இட்லி’ என்றே அழைத்தது. தன் பெயரோடு வந்ததால் பஞ்சம் தீர்ந்த பின்னும் அது நிலைத்தது. வனஸ்பதியோ நெய்யின் வெண்மையையும் மணல்போன்ற பதத்தையும் வேண்டுமென்றே பூண்டு வந்தது. அதற்கு நிறமேற்ற வேண்டும் என்ற கோரிக்கை விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வலுத்தது. பொருத்தமான நிறம் அகப்படவில்லை என்று தட்டிக்கழிக்கப்பட்டது. (மஞ்சளும் செம்பருத்தியும் விளையும் நாட்டில்!) பின்னர் அதில் 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று அரசு விதித்தது. நெய்யில் வனஸ்பதி கலந்திருந்தால், ஆய்வகத்தில் அந்த நல்லெண்ணெய் சிவந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்தச் சிவப்பு ஆய்வாளரின் கண்ணுக்கு மட்டுமே. தட்டிலிருந்து எடுத்து உண்பவருக்கு மேலண்ணத்தில் ஒட்டும் மெழுகே மிச்சம்.

2022 முதல் உணவுக் கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. ஆகவே இனி அச்சமில்லை என்பாரும் உளர். இதயத்தைப் பற்றிய வழக்கு அதனால் தளரலாம். பெயரைப் பற்றிய வழக்கு தளராது.

இதில் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை என்பதே வேடிக்கை. நெய்யில் செய்தவை எவை, எண்ணெயில் செய்தவை எவை, வனஸ்பதியில் செய்தவை எவை எனத் தனித்தனியே பட்டியலிட்டு வாங்குவோர் காணப் பலகை வைக்க வேண்டும் என்பது பழைய கலப்படத் தடுப்பு விதிகளிலேயே இருந்தது. 2011ஆம் ஆண்டின் உணவு உரிம விதிமுறைகளிலும் அது உண்டு. சாமி படத்துக்கும் ‘கடன் கேட்காதீர்’ அட்டைக்கும் சுவரில் இடம் ஒதுக்கும் கடைக்காரர், இந்தப் பலகையை எங்கே மாட்டியிருக்கிறார்? அடுத்த முறை கால் கிலோ வாங்குவோர், பொட்டலம் கட்டும் முன் அதைக் கேட்கட்டும்.