குரல் கேட்கிறது, கை தெரியவில்லை

இந்திய நாடாளுமன்றத்தில் பேசப்படுவதை உள்ளபடி அச்சிடுவதற்கே ஒரு காலத்தில் தனிச்சட்டம் தேவைப்பட்டது. அவைக்குள் பேசும் உறுப்பினர் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது; அரசமைப்பின் 105-வது கூறு அவரைக் காக்கிறது. அதே பேச்சை மறுநாள் வெளியிடும் நாளிதழுக்கோ அந்தக் காப்பு அப்போது இருக்கவில்லை. அவதூறு வழக்கு ஆசிரியர் தலையில்தான் விழுந்தது. இந்த ஓட்டையை அடைக்க ஃபெரோஸ் காந்தி கொண்டுவந்த தனிநபர் மசோதா 1956இல் சட்டமானது. நெருக்கடி நிலையின்போது அதை நீக்கியது அவருடைய மனைவி இந்திரா காந்தியின் அரசு. 1977இல் ஜனதா அரசு அதை மீட்டது. பின்னர் 44-வது திருத்தத்தின் வழியாக 361ஏ என்ற கூறாக அரசமைப்புக்குள்ளேயே அது இடம்பிடித்தது.

அச்சுக்குப் பிறகு கேமரா வந்தது. 1989இல் குடியரசுத் தலைவர் உரை முதன்முறையாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. 1994இல் கேள்வி நேரம். 2006இல் மக்களவைக்கும் 2011இல் மாநிலங்களவைக்கும் தனித்தனி அலைவரிசைகள் கிடைத்தன. 2021இல் இரண்டும் சன்சத் டிவியாக இணைந்தன. ஆனால் கேமரா அவைக்குச் சொந்தமானது. எதைக் காட்டுவது என்பதும் அவையின் முடிவே. அமளி மூண்டால் கேமரா அவைத் தலைவரின் முகத்துக்குத் திரும்பிவிடும். 2014 பிப்ரவரி 18 அன்று தெலங்கானா மசோதா மக்களவையில் நிறைவேறிய வேளையில் நேரலையே நின்றுபோனது. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது.

பேச்சுகளின் எழுத்துப் பதிவு கேமராவைவிட நம்பகமானது. அதிலும் பொத்தல்கள் உண்டு. மக்களவை விதி 380இன் கீழ், கண்ணியக் குறைவானவை என்று கருதும் சொற்களை அவைத் தலைவர் நீக்கலாம். நீக்கிய இடத்தில் நட்சத்திரக் குறிகளும், அவைத் தலைவரின் ஆணைப்படி நீக்கப்பட்டது என்ற அடிக்குறிப்பும் மட்டும் நிற்கும். அந்தப் பேச்சை நேரலையில் லட்சக்கணக்கானோர் பார்த்து முடித்த பிறகு பதிவேட்டில் மட்டும் அழிப்பது வினோதமான சடங்கு. ஆனாலும் பத்திரிகைகளுக்கு அது வெறும் சடங்கல்ல. பிகார் சட்டமன்றம் நீக்கிய பேச்சை வெளியிட்ட ‘சர்ச்லைட்’ நாளிதழின் வழக்கில், அவையின் உரிமையே மேலோங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1958இல் தீர்ப்பளித்தது. 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், அவை உரிமையை மீறும் தகவலை விலக்குப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இன்னொரு தடை இருக்கிறது. மக்களவையில் ஓர் உறுப்பினர் தமிழில் பேசினால், நடவடிக்கைக் குறிப்பில் அது ஆங்கிலமாகி நிற்கும். மூலத்தில் தமிழில் ஆற்றிய உரை என்பதை ஓர் உடுக்குறி சொல்லும். தன் தொகுதி உறுப்பினர் தன் மொழியில் பேசியதை வாக்காளர் ஆங்கிலத்தில் படித்துக்கொள்ள வேண்டும்.

எழுத்துபூர்வக் கேள்விகளின் கதை வேறு. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். 230 கேள்விகள் வரை எழுத்தில் பதில் பெறலாம். சத்தமில்லாத இந்தத் தாள்களில்தான் அரசு அதிகம் வாய்திறக்கிறது. பொதுமுடக்கத்தின்போது சொந்த ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று 2020 செப்டம்பரில் கேட்டபோது, அப்படியொரு தரவு இல்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். அந்தத் தரவு சேகரிக்கப்படவே இல்லை என்பது நாட்டுக்குத் தெரிந்தது இந்தப் பதிலால்தான்.

மசோதாக்களை வரி வரியாகப் பார்க்கும் நிலைக்குழுக்களோ மூடிய கதவுக்குள் கூடுகின்றன. உறுப்பினர்கள் கட்சிக் கொறடாவின் பிடியின்றிப் பேச இது உதவுகிறது என்பது நியாயமான வாதம்தான். அறிக்கை வெளியான பிறகும் யார் என்ன சொன்னார் என்பது தெரியாமலே போவதற்கு அந்த வாதம் போதாது. 15-வது மக்களவையில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17-வது மக்களவையில் போனவை 16 விழுக்காடு. மாற்றுக் கருத்துக் குறிப்பு ஒன்றுதான் குழுவுக்குள் நடந்த சண்டையை வெளியே காட்டும் சாளரம். 2025 பிப்ரவரியில் வக்ஃப் மசோதா கூட்டுக்குழு அறிக்கை தாக்கலானபோது அந்தக் குறிப்புகளிலேயே சில பகுதிகள் மறைக்கப்பட்டிருந்தன. எதிர்க்கட்சிகள் கொந்தளித்த பிறகே அவை திரும்பச் சேர்க்கப்பட்டன.

இத்தனைக்கும் மேலாக, வாக்காளருக்கு மிகவும் தேவையான தகவல் ஒன்று பெரும்பாலும் உருவாவதே இல்லை: தன் உறுப்பினர் ஆதரித்தாரா, எதிர்த்தாரா? மசோதா வாக்குக்கு வரும்போது ஆதரிப்போர் ‘ஆம்’ என்றும் எதிர்ப்போர் ‘இல்லை’ என்றும் குரல் கொடுக்கிறார்கள். எந்தக் குரல் ஓங்கியது என்பதை அவைத் தலைவரின் காது முடிவு செய்கிறது. யாராவது அதை ஏற்க மறுத்தால் மூன்றரை நிமிடம் மணி ஒலிக்கும். பிறகு பொத்தான் வாக்கெடுப்பு நடந்து பெயர்கள் பதிவாகும். ஆனால் அந்தக் கோரிக்கை தேவையற்றது என்று அவைத் தலைவர் கருதினால், உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணலாம். அப்போது பெயர்கள் பதிவாகா.

2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் குரல் வாக்கில்தான் நிறைவேறின. பொத்தான் வாக்கெடுப்பு கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்றார் அவைத் துணைத் தலைவர். திமுக உறுப்பினர் திருச்சி சிவா இருக்கையில் இருந்தபடியே கேட்டதை அவையின் சொந்தத் தொலைக்காட்சிப் பதிவு காட்டியது. மறு ஆண்டு நவம்பர் 29 அன்று அதே சட்டங்கள் விவாதமின்றி ரத்தானதும் குரல் வாக்கில்தான்.

இதற்கு நேர்மாறானது 2019இன் குடியுரிமைத் திருத்த மசோதா. மாநிலங்களவையில் 125 பேர் ஆதரித்தனர், 105 பேர் எதிர்த்தனர். அதிமுக உறுப்பினர்களின் ஆதரவு வாக்குகள் பதிவில் இருந்ததால், தமிழ்நாட்டுத் தேர்தல் மேடைகளில் அக்கட்சி அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

சட்டமாகும் ஒவ்வொரு மசோதாவுக்கும் இறுதிக் கட்டத்தில் பெயர் பதிவாகும் வாக்கெடுப்பைக் கட்டாயமாக்க அரசமைப்பைத் திருத்த வேண்டாம். தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளும் அதிகாரத்தை 118-வது கூறு ஒவ்வோர் அவைக்கும் தந்திருக்கிறது. புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் இருக்கைகளில் பொத்தான்களும் இருக்கின்றன. மக்களவையைப் பொறுத்தவரை, திருத்த வேண்டியது வாக்கெடுப்பு முறையை வகுக்கும் 367-வது விதியை மட்டுமே.