அழிக்காமல் மாற்றுவோம்



சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது அது மீட்டர் பாதை. தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர் இடைவெளி. இன்றுள்ள அகலப் பாதையில் 1,676 மில்லிமீட்டர். பாதையை மாற்றுவதற்காகப் பல்லாவரத்தையும் குரோம்பேட்டையையும் இடித்துவிட்டா கட்டினார்கள்? இல்லை. பழைய வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் அகலப் பாதையைப் போட்டார்கள். அதில் வண்டிகள் ஓடத் தொடங்கிய பிறகே, 2004-ல், மீட்டர் பாதை மின்ரயிலுக்கு விடை கொடுத்தார்கள்.

கணிப்பொறியிலும் இப்படி ஒரு பாதை உண்டு. வட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு இடம் காலி என்று கணக்கு வைக்கும் ஏற்பாட்டுக்குக் 'கோப்பு முறைமை' என்று பெயர். இதை மாற்ற வேண்டுமென்றால், "எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸைப் புதிதாக நிறுவு" என்பார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். மாணவர்கள் ஈராண்டுகள் எடுத்த ஊசல் அளவீடுகள் அந்த வட்டில் இருந்தன. நான் சம்மதிக்கவில்லை.

ஏன் தெரியுமா? சோதனையில் ஒரு நேரத்தில் ஓர் அளவை மட்டும் மாற்ற வேண்டும் என்று படித்திருக்கிறீர்கள். ஊசலின் நீளத்தையும் குண்டையும் ஒன்றாக மாற்றினால், அலைவு நேரம் எதனால் மாறியது என்று சொல்ல முடியுமா? புதிதாக நிறுவும்போது எல்லாமே ஒன்றாக மாறுகின்றன. பிறகு ஏதாவது இயங்காவிட்டால் காரணம் தெரியாது.

சில மாற்றங்கள் மிக எளியவை. 1993-ல் வந்த எக்ஸ்ட்-2 முறைமையில் திடீரென மின்சாரம் போனால், அடுத்த முறை வட்டு முழுவதையும் சோதிக்க வேண்டும். 2001-ல் லினக்ஸில் சேர்ந்த எக்ஸ்ட்-3, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும். பிறகு அதைப் பார்த்தாலே போதும். எக்ஸ்ட்-2 வட்டில் அந்தக் குறிப்பேட்டைச் சேர்த்தால் அது எக்ஸ்ட்-3 ஆகிவிடும். ஒரு கோப்பும் நகராது!

எக்ஸ்எஃப்எஸ் போன்ற வேறு குடும்பத்துக்குப் போவதானால் வேலை அதிகம். கணிப்பொறியைப் பென் டிரைவிலிருந்து இயக்குங்கள். கோப்புகளை, உரிமையாளர், அனுமதி விவரங்களோடு வேறொரு வட்டுக்கு நகலெடுங்கள். நகலைச் சரிபாருங்கள். புதிய முறைமையை அமைத்து, கோப்புகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். எந்தப் பகுதியில் எந்த முறைமை என்று குறிக்கும் 'எஃப்எஸ்டேப்' பட்டியலைத் திருத்துங்கள். கணிப்பொறியைத் துவக்கும் நிரலையும் மறுபடி அமைக்க வேண்டும்; இதை மறந்தால் எல்லாம் இருந்தும் கணிப்பொறி எழாது.

காப்பாற்ற எதுவும் இல்லாத வட்டு என்றால் தாராளமாக அழியுங்கள். ஆனால் உழைப்பு உள்ள வட்டு என்றால், புதியது ஓடிக் காட்டும்வரை பழைய நகலைத் தொடாதீர்கள். தாம்பரம் பாதையை மாற்றியவர்கள் செய்ததும் அதுதானே!