மியூசிக் தெரபிஸ்ட் ஆகணுமா? ஃபீஸ் கட்டும் முன் இந்த 4 கேள்விகளைக் கேளுங்க!

'இந்த ராகம் கேட்டால் பி.பி குறையும்', 'இந்த டியூன் கேட்டால் அஞ்சே நிமிஷத்தில் தூக்கம்' - ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால் இப்படி ரெண்டாவது கண்ணில் படாமல் இருக்காது. அதைத் தொட்டே அடுத்த ஆசையும் வருகிறது: 'நமக்குத்தான் பாட்டு தெரியுமே, நாமே மியூசிக் தெரபிஸ்ட் ஆனால் என்ன?'

சின்ன வயதில் பாட்டு கிளாஸ், காலேஜில் சைக்காலஜி என்று வளர்ந்த கோவைப் பிள்ளைகளுக்கு இது நியாயமான கேள்வி. பிடித்த ரெண்டும் ஒரே வேலையில் சேர்கிறது. வேலையும் நிஜமானதுதான். ஆனால் நம் நாட்டில் இந்தப் படிப்புக்கும், அது வாங்கித்தரும் பெயருக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. ரெண்டு வருஷத்தையும் அப்பா அம்மா பணத்தையும் போடும் முன் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாட்டு போட்டுவிடுவது தெரபி ஆகுமா?

வார்டில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு போடுவது நல்ல விஷயம். ஆனால் அதற்கு முதுநிலைப் படிப்பு தேவையில்லை. மியூசிக் தெரபிஸ்ட்டின் வேலை வேறு. நோயாளியால் என்ன முடிகிறது, எது முடியவில்லை என்று முதலில் கணிக்க வேண்டும். ஒரு இலக்கு வைக்க வேண்டும். ஒவ்வொரு செஷனையும் எழுதிவைத்து, முன்னேற்றம் இல்லையென்றால் வழியை மாற்ற வேண்டும்.

ஒரு உதாரணம். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கேபி கிஃபோர்ட்ஸ் 2011 ஜனவரியில் தலையில் சுடப்பட்டார். உயிர் பிழைத்தார், பேச்சு போய்விட்டது. பேச வராத வார்த்தை, பாட்டாக வந்தது. அந்த வழியைப் பிடித்துத்தான், மற்ற சிகிச்சைகளோடு இசை சிகிச்சையும் சேர்ந்து, அவரைப் பேச்சை நோக்கி நகர்த்தியது. பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களுக்கும் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

இதே துறை எங்கே தடுமாறுகிறது என்பதும் முக்கியம். ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளை வைத்து 9 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு 2017-ல் வெளியானது. இசை சிகிச்சை சேர்த்துக் கொடுத்தும் ஆட்டிசத்தின் முக்கிய அறிகுறிகளில் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. 2022-ல் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அலசலோ, ஒட்டுமொத்த முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் இசை உதவக்கூடும் என்றது. ரெண்டையும் படித்தவர், ஒரு தாயிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று யோசிப்பார். ரீல்ஸ் மட்டும் பார்த்தவர் 'குணமாகும்' என்று சொல்லிவிடுவார்.

பெயருக்குப் பாதுகாப்பு எங்கே?

அமெரிக்காவில் 1944-லேயே மிச்சிகன் மாகாணத்தில் இதற்குப் பட்டப்படிப்பு வந்துவிட்டது. இன்று அங்கே குறைந்தது 1,200 மணி நேரம் களப்பயிற்சி எடுத்து, அதன்பின் தேர்வெழுதித்தான் சான்று பெற முடியும். இங்கிலாந்தில் 'மியூசிக் தெரபிஸ்ட்' என்ற பெயருக்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. பதிவு செய்யாமல் அப்படிப் போட்டுக்கொண்டால் குற்றம்.

இங்கே? பிசியோதெரபி முதல் டயட்டீஷியன் வரை பல துறைகளை ஒழுங்குபடுத்த 2021-ல் மத்திய அரசு தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் பட்டியலில் கலை சிகிச்சையாளர், நடன சிகிச்சையாளர் எல்லாம் இருக்கிறார்கள். 'இசை' என்ற சொல்லைக் காணோம். மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுத் துறையினரைப் பதிவு செய்யும் ஆர்.சி.ஐ கவுன்சிலிலும் இசை சிகிச்சையாளருக்குத் தனிப் பிரிவு கிடையாது.

விளைவு, ஆஸ்பத்திரியில் ரெண்டு வருஷம் பழகியவரும் வார இறுதி ஒர்க்‌ஷாப் போனவரும் விசிட்டிங் கார்டில் ஒரே பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். படித்தவருக்குத்தான் இதில் நஷ்டம். பட்டியலில் பெயர் இல்லாத வேலைக்குப் பணியிடம் கேட்டு வாதாடுவதும், சம்பளம் பேசுவதும் கஷ்டம்.

இன்னும் ரெண்டு தகவல். எம்.ஃபில் பட்டத்தை யு.ஜி.சி 2022 விதிகளோடு நிறுத்திவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜி போன்ற ஒன்றிரண்டுக்கு மட்டும் தற்காலிகச் சலுகை தரப்பட்டது. யாராவது 'மியூசிக் தெரபியில் எம்.ஃபில்' என்று இப்போது அட்மிஷன் போட்டால் உஷார். அடுத்து, 2021 சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை, சைக்காலஜி உட்பட, தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்று 2025 ஆகஸ்டில் யு.ஜி.சி சொல்லிவிட்டது. சைக்காலஜிக்கே இதுதான் நிலைமை என்றால், நோயாளி பக்கத்திலேயே உட்கார்ந்து செய்யும் வேலையை செல்போனில் எப்படிப் படிப்பது?

கோவையிலிருந்து எந்த வழி?

புதுச்சேரி பிள்ளையார்குப்பத்தில் உள்ள ஸ்ரீ பாலாஜி வித்யாபீத் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இசை சிகிச்சைக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் என்றே ஒரு மையம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் அங்கேயே இருப்பதுதான் அதன் பலம்.

நம் ஊரில் துண்டு துண்டாக எல்லாம் உண்டு. மலுமிச்சம்பட்டியில் அரசு இசைக் கல்லூரி. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலய வளாகத்தில் சிறப்புக் கல்விப் படிப்பு. கொங்கு மண்டலம் முழுக்க நோயாளிகள் வந்து குவியும் பெரிய ஆஸ்பத்திரிகள். இதை வைத்து ஒரு வழி போடலாம். சிறப்புக் கல்வி, ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி என்று பதிவு எண் கிடைக்கும் ஒரு படிப்பை முதலில் முடியுங்கள். அதற்கு மேல் இசை சிகிச்சை. வருஷம் கூடும், செலவும் கூடும். ஆனால் 'இத்தனை படிச்சு என்ன வேலைங்க கண்ணு கிடைக்கும்?' என்று வீட்டில் கேட்டால் சொல்ல பதில் இருக்கும்.

இது புது யோசனையும் அல்ல. 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற இசை ஆய்வு நூலை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், தொழிலால் சித்த மருத்துவர். மருந்தையும் கற்றார், இசையையும் கற்றார்.

கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. பட்டம் தருவது யார்? அந்தப் பல்கலைக்கழகம் யு.ஜி.சி பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

2. நோயாளிகளோடு எத்தனை மணி நேரம்? எந்த ஆஸ்பத்திரியில்? 1,200 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

3. செஷனில் கூட உட்கார்ந்து திருத்தப் போவது யார்? அவர் இப்போதும் நோயாளிகளைப் பார்க்கிறாரா?

4. போன பேட்ச்சில் படித்தவர்கள் என்ன செய்கிறார்கள்? ரெண்டு பேரின் நம்பர் வாங்கிப் பேசுங்கள். நம்பர் தரத் தயங்கினால் அதுவே பதில்.

தாராபுரத்திலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ பேச்சு வராத குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறி வரும் அம்மா, உங்கள் சான்றிதழைப் படித்துப் பார்க்கப் போவதில்லை. போர்டில் இருக்கும் 'தெரபிஸ்ட்' என்ற ஒரு சொல்லை நம்பித்தான் உள்ளே வருவார். அந்தக் குழந்தைக்கு மூணு வயசில் வீணாகும் ஆறு மாசம் திரும்பக் கிடைக்காது. சட்டம் அந்தச் சொல்லைக் காக்கும் வரை, அதைக் காக்க வேண்டியது படிக்கப் போகும் நீங்கள்தான்.