புயல் கணக்கும் தென்னங்கன்றும்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் பல்லாண்டு வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. நெல் போனால் அடுத்த பட்டத்தில் நடலாம். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வரவே ஆறேழு ஆண்டுகள் ஆகும்; பின்னர் ஐம்பது, அறுபது ஆண்டுகள் நின்று பலன் தரும். ஆகவே, தென்னை வைப்பவர் பேரப்பிள்ளைகள் காலத்துப் புயலையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதற்கு உதவுபவை பருவநிலை மாதிரிகள். பூமி முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, காற்று, கடல், வெப்பம், ஈரம் ஆகியவற்றின் போக்கைக் கணிப்பொறியில் கணக்கிடுவதே இம்முறை. இதற்கு வழிவகுத்தவர்களில் ஒருவரான சியுகுரோ மனாபே, 2021இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

வானிலை அறிக்கை நாளைய புயலைச் சொல்லும். மாதிரியோ எந்த ஆண்டு, எந்த ஊரில் என்று சொல்லாது. பல பத்தாண்டுகளில் புயலின் குணம் எப்படி மாறும் என்பதையே சொல்லும். அதிலும் குறை உண்டு. பல மாதிரிகளில் ஒரு கட்டத்தின் அளவு சுமார் 100 கி.மீ. புயலின் கண் பெரும்பாலும் அதைவிடச் சிறியது. பெருங்கண் சல்லடையில் சிறுமணி தங்காதது போல, புயலின் உட்பகுதி அதில் பிடிபடுவதில்லை. கட்டங்களைச் சிறிதாக்கிய புதிய மாதிரிகளில் இக்குறை குறைந்து வருகிறது.

இவை காட்டும் முடிவு இதுதான்: பூமி சூடேறும்போது உலகில் புயல்களின் எண்ணிக்கை கூடாமலே இருக்கலாம், ஆனால் வருபவற்றில் கடும் புயல்களின் பங்கு கூடும், மழையும் கூடும். வெப்பம் 1 டிகிரி ஏறினால், காற்று தாங்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. காற்றின் வேகம் பத்தில் ஒரு பங்கு கூடினால், மரத்தைத் தள்ளும் விசை ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும்.

இவ்வளவு தெரிந்த பின்னும், விழுந்த இடத்தில் அதே கன்றை வைத்துவிட்டு ஓய்வது சரியல்ல. நிவாரணம் என்பது கன்று வழங்குவதோடு முடிந்துவிடக் கூடாது. கடலோரத் தோப்புகளைச் சுற்றிச் சவுக்கு போன்ற காற்றுத்தடுப்பு மரங்கள் வளர்க்கவும், வடிகால்களை ஐப்பசிக்கு முன்பே தூர் எடுக்கவும், மரங்களைக் காப்பீடு செய்யவும் அரசு துணை நிற்க வேண்டும். மாதிரிகளின் முடிவுகளும் வட்டாரவாரியாக, எளிய தமிழில், நடவுக்கு முன்பே கிடைக்க வேண்டும்.

விவசாயப் பெருமக்களும் தென்னை ஒன்றையே நம்பியிராமல், தோப்பில் ஊடுபயிர் செய்து வருவாயைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.