கூரைக்கு மரமா, இரும்பா?



வீட்டுத்திட்டத்தில் சுவர் எழும்பியதும் பல அம்மாமார் என்னிடம் கேட்பது இதுதான்: "பிள்ளை, கூரைக்கு மரம் போடுறதா, இரும்பு போடுறதா?"

விலையைப் பார்ப்பதற்கு முன், பின்னாளில் பழுதானால் யார் திருத்துவார் என்று யோசியுங்கள் என்றே நான் சொல்வேன்.

2016 இல் வடக்கு கிழக்கில் 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் அமைக்கும் திட்டம் பற்றிப் பெரிதாகப் பேசப்பட்டது. ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 21 லட்சம் ரூபா என்றார்கள். அக்காலத்தில் கல்வீட்டுக்கு அரசு கொடுத்த உதவி 8 லட்சம். வெக்கை, துரு, ஊர் மேசனால் திருத்த முடியாமை என்பவற்றைச் சொல்லி மக்கள் எதிர்த்தார்கள். அந்த 65,000 வீடுகளும் கட்டப்படவில்லை. அன்று கேட்ட கேள்விகளை உங்கள் கூரைக்கும் கேளுங்கள்.

மரமென்றால் முதிர்ந்த பனையின் கறுத்த வைரமே வேண்டும். உள்ளே இருப்பது சோறு; அது உழுத்துப்போகும். வளையும் கைமரமும் சுவரைத் தொடும் இடத்தில் கறையான் மண் ஏறியிருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். ஒரு கைமரம் பழுதானால் ஊர்த் தச்சரே மாற்றித் தருவார். சொந்தக் காணியில் நிற்கும் பனையானாலும், தறிப்பதற்கு முன் பிரதேச செயலகத்தில் அனுமதி பற்றி விசாரியுங்கள்.

இரும்பைக் கறையான் தின்னாது. வேலையும் கெதியாக முடியும். ஆனால் கடற்கரை உப்புக் காற்றில், ஒட்டு வைத்த இடமும் வெட்டிய முனையும்தான் முதலில் துருப்பிடிக்கும். அங்கே துருத்தடுப்புப் பூச்சுப் பூசி, குழாயின் வாயை அடைக்கச் சொல்லுங்கள். கடற்கரைக் கிராமமொன்றில் தனித்து வாழும் ஒரு அக்காவின் கூரையில் ஒட்டு விட்டுப்போனது. வெல்டிங் செய்பவர் பட்டணத்திலிருந்து மெசினோடு வரவேண்டும். அந்த மாரி முழுவதும் பிள்ளைகளை ஒரு அறைக்குள்ளேயே படுக்க வைத்தார்.

ஓடு பாரம்; அதைத் தாங்கும் கனத்தில் சட்டம் வேண்டும். சீற் பாரமில்லை, ஆனால் காற்று தூக்கும், இறுக்கிக் கட்டவேண்டும்.

ஆண் துணை இல்லையென்று முடிவை மேசனிடம் விட்டுவிடாதீர்கள். கடைக்கு நீங்களும் போங்கள். பற்றுச்சீட்டை உங்கள் கையில் வாங்குங்கள். கூரைக்காக வட்டிக் கடன் எடுக்காதீர்கள். கையிலுள்ள பணத்துக்கு ஒரு அறையை முதலில் மூடினாலும் போதும்.

அடுத்த மாதம் கிணறு பற்றிப் பேசுவோம்.