ஐ.டி. ஆள்தானே, ஒரு வெப்சைட் போட்டுக் குடுங்க



அஞ்சு நிமிஷத்தில் வெப்சைட் கட்டித் தருகிற டூல்களைப் பற்றி இந்த வார எபிசோடில் பேசினோம். ரெக்கார்டிங் முடிந்த பிறகும் ஒரு கேள்வி மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு சின்ன ஆபீஸுக்கு, வெப் டிசைன் படிக்காத ஒருத்தர் வெப்சைட் செய்யலாமா? தாராளமா செய்யலாம், சொல்லப்போனால் அவர்தான் செய்யணும் என்பது என் கட்சி. மூணே மூணு விஷயத்தில் மட்டும் அவரைத் தனியா விடக் கூடாது. இதை நான் கற்றுக்கொண்டது கொஞ்சம் அசிங்கப்பட்டுத்தான்.

நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம், எனக்குத் தெரிந்த ஒரு டாக்ஸ் ஆபீஸ் இருக்கிறது. ஒரு சி.பி.ஏ. அண்ணன், ஃபைலிங்குக்கு ஒரு பையன், போன் எடுக்க ஒரு அக்கா, அவ்வளவுதான் ஆபீஸ். 2024 ஜனவரியில் அண்ணன் கேட்டார்: "தம்பி, நீங்க ஐ.டி.தானே, ஒரு வெப்சைட் போட்டுக் குடுங்களேன்." நானும் சரின்னு தலையை ஆட்டிவிட்டேன்.

நம்ம ஊர்க்காரர்களிடம் "ஐ.டி." என்றால் பிரிண்டர் ரிப்பேரில் இருந்து வெப்சைட் வரைக்கும் எல்லாம் ஒரே வேலை. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன்தான், ஆனால் பத்து வருஷத்துக்கு மேலாக ஜாவா பேக்எண்டில் காலம் தள்ளுகிறவன். பட்டனுக்கு என்ன கலர் வைக்கணும்னு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. வெப் டிசைனில் நானும் கற்றுக்குட்டிதான். டிகிரி இருந்ததால் அது எனக்குத் தெரியவில்லை.

நான் செய்த வெப்சைட்

ரெண்டு வாரக் கடைசியில் முடித்தேன். மேலே மன்ஹாட்டன் கட்டடங்கள், தானா நகர்கிற ஸ்லைடர், வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து, "உங்கள் நம்பிக்கைக்குரிய பங்காளி" மாதிரி ஒரு ஆங்கில வாக்கியம். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. அண்ணனுக்கும் சந்தோஷம்.

ஆனால் அக்காவுக்கு வருகிற போன் ஒண்ணுகூடக் குறையவில்லை. அவங்ககிட்ட ஒரு நோட்டு இருந்தது. போனில் அடிக்கடி வருகிற கேள்விகளை அதில் குறித்து வைத்திருந்தாங்க. இந்தியாவில் பேங்க் அக்கவுண்ட் இருக்கு, காட்டணுமா? மனைவிக்கு எஸ்.எஸ்.என். இல்லை, என்ன பண்றது? ஏப்ரல் 15க்குள்ள முடியலைன்னா? என்னென்ன பேப்பர் கொண்டு வரணும்? கார் எங்க நிறுத்துறது?

நான் போட்ட வெப்சைட்டில் இதில் ஒண்ணுக்குக்கூட பதில் இல்லை.

மூணாவது வாரம் அக்கா கேட்டாங்க: "தம்பி, கோவிச்சுக்காதீங்க, நான் ஒரு பக்கம் பண்ணிப் பார்க்கட்டுமா?" இழுத்துப் போட்டு வைக்கிற டூல் ஒண்ணில் அவங்களே உட்கார்ந்து செய்தாங்க. படம் கிடையாது. கேள்வி, கீழே பதில். வெளிநாட்டு அக்கவுண்டுகள் எல்லாம் சேர்த்து வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் போடணும். எஸ்.எஸ்.என். கிடைக்காதவங்களுக்கு டபிள்யூ-7 போட்டு ஐ.டி.ஐ.என். வாங்கணும். 4868 போட்டால் அக்டோபர் 15 வரை டைம் கிடைக்கும், ஆனால் அது ஃபைல் பண்ணத்தான், வரி பாக்கியை ஏப்ரலிலேயே கட்டணும். கடைசி வரி: பில்டிங் பின்னாடி பார்க்கிங், முன்னாடி நிறுத்தினால் டோ பண்ணிடுவாங்க.

அண்ணன் சட்ட விஷயங்களைச் சரிபார்த்துக் கொடுத்தார். பக்கம் போன பிறகு, "வெப்சைட்ல பார்த்தேன் மேடம்" என்று ஆரம்பிக்கிற போன்கள் வர ஆரம்பித்தன.

இதில் ஆச்சரியப்பட ஒண்ணுமில்லை. வெப்சைட்டில் கஷ்டமான பகுதி கோடு இல்லை. யார் வர்றாங்க, என்ன கேட்கிறாங்க என்று தெரிவதுதான். அது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. இந்த டூல்கள் வந்த கதையும் கிட்டத்தட்ட இதுதான். வேர்ட்பிரஸ் 2003 மே மாசம் வந்தபோது, அதை ஆரம்பித்த ரெண்டு பேரில் ஒருவரான மேட் முல்லன்வெக், டெக்சாஸில் ஹூஸ்டன் யூனிவர்சிட்டியில் படிக்கிற 19 வயசுப் பையன். இன்று உலக வெப்சைட்டுகளில் 40 சதவீதத்துக்கு மேல் அதில்தான் ஓடுகிறது. ஸ்கொயர்ஸ்பேஸும் மேரிலேண்ட் யூனிவர்சிட்டி ஹாஸ்டல் அறையில் தொடங்கியதுதான்.

இன்னொரு விஷயமும் எனக்கு உறைத்தது. கண் தெரியாத ஒருத்தர் ஸ்கிரீன் ரீடர் வைத்து வந்தால், என் ஸ்லைடர் அவரைத் திண்டாட வைத்திருக்கும். எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் குறைந்தது 4.5க்கு 1 இருக்கணும் என்பது வெப் அணுகல் தரத்தின் ஏ.ஏ. நிலை. என் சாம்பல் எழுத்து அதில் ஃபெயில். அக்காவின் கறுப்பு எழுத்து பாஸ். இது வெறும் நல்லெண்ண விஷயமும் இல்லை. டோமினோஸ் வெப்சைட்டில் பீட்சா ஆர்டர் பண்ண முடியவில்லை என்று பார்வையற்ற ஒருவர் போட்ட வழக்கு சுப்ரீம் கோர்ட் வாசல் வரை போனது. 2019 அக்டோபரில் கோர்ட் டோமினோஸ் மனுவை ஏற்க மறுத்துவிட்டது. சரி, ஒரு பிளக்இன் போட்டால் போதும் என்று நினைக்காதீங்க. எந்த வெப்சைட்டையும் தரத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்று விளம்பரம் செய்த ஆக்சஸிபி கம்பெனியை 10 லட்சம் டாலர் கட்டச் சொல்லி 2025 ஜனவரியில் எஃப்.டி.சி. நடவடிக்கை எடுத்தது.

தனியா விடக் கூடாத மூணு இடம்

முதலாவது, டொமைன். அண்ணனின் டொமைன் அண்ணன் பேரில் இல்லை. பழைய வெப்சைட்டைச் செய்த பையன் தன் சொந்த ஜிமெயிலில் வாங்கியிருந்தான். அவன் இந்தியா திரும்பிப் பல வருஷம் ஆச்சு. நல்ல பையன், கேட்டதும் மாற்றிக் கொடுத்தான். ஆனால் அவனைத் தேடிப் பிடிக்கவே மூணு வாரம். பெரிய இடங்களிலேயே இது நடந்திருக்கு. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டொமைனைப் புதுப்பிக்க மறந்ததில் ஹாட்மெயில் லாகின் தடுமாறியது. வெளியில் இருந்த ஒரு புரோகிராமர் தன் கார்டில் 35 டாலர் கட்டினார். 2010 நவம்பரில் டாலஸ் கௌபாய்ஸ் டீமின் டொமைன் காலாவதியானது, அதுவும் கோச்சை வேலையை விட்டு அனுப்பி ஊரே பேசிக்கொண்டிருந்த நேரத்தில்.

ரெண்டாவது, டி.என்.எஸ். இதில் குற்றவாளி நான்தான். மார்ச் கடைசி வாரம், அக்கா செய்த பக்கத்தைப் புது ஹோஸ்டிங்குக்கு மாற்றும்போது நேம் சர்வரையே மாற்றினேன். பழைய இடத்தில் இருந்த எம்.எக்ஸ். ரெக்கார்டுகளைப் புது இடத்தில் சேர்க்கவில்லை. வெப்சைட் அழகாக வந்தது. மெயில் நின்றுவிட்டது.

மறுநாள் மதியம் அக்கா போன்: "தம்பி, காலையில இருந்து ஒரு மெயில்கூட வரலையே, டாக்ஸ் சீசன்ல இப்படி இருக்காதே." எனக்கு வயிறு கலங்கியது. ரெக்கார்டைச் சேர்த்தேன். சில மெயில்கள் தாமதமாக வந்தன, சில அனுப்பினவங்களுக்கே திரும்பிப் போயிருந்தன. திரும்பிப் போனது எத்தனை என்று நமக்குத் தெரிய வழியே இல்லை. அண்ணன் திட்டவில்லை. அக்கா கிளையன்ட் லிஸ்டை எடுத்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்டாங்க, ரெண்டு நாள். ஒரு புரொடக்‌ஷன் மாற்றத்துக்கு ஆபீஸில் ரோல்பேக் பிளான் இல்லாமல் கை வைக்க மாட்டேன். இங்கே "சும்மா ஒரு சின்ன வெப்சைட்தானே" என்று விட்டுவிட்டேன்.

மூணாவது, பேப்பர் வாங்குகிற ஃபார்ம். இங்கே அக்கா சறுக்கினாங்க. "உங்க டபிள்யூ-2வை இங்கே அப்லோடு பண்ணுங்க" என்று ஒரு ஃபார்ம். அமுக்கினால் அட்டாச்மென்டாக சாதா மெயிலுக்குப் போகும். அதில் பேர், அட்ரஸ், சம்பளம், எஸ்.எஸ்.என். எல்லாம் இருக்கும். டாக்ஸ் ஆபீஸ் என்பது 1999ல் வந்த கிராம்-லீச்-பிளைலி சட்டப்படி நிதி நிறுவனக் கணக்கில்தான் வருகிறது. அதன் கீழ் உள்ள எஃப்.டி.சி. பாதுகாப்பு விதியின் முக்கியமான மாற்றங்கள் 2023 ஜூன் 9 முதல் அமலில் இருக்கின்றன. 5,000 பேருக்குக் குறைவான தகவல் வைத்திருக்கும் சின்ன ஆபீஸுக்குச் சில விலக்கு உண்டு, ஆனால் என்கிரிப்ஷனுக்கும் மல்டி ஃபேக்டர் லாகினுக்கும் விலக்கு இல்லை. அந்த ஃபார்மை எடுத்துவிட்டு, அவங்க டாக்ஸ் சாஃப்ட்வேரிலேயே இருந்த கிளையன்ட் போர்ட்டலுக்கு ஒரு லிங்க் கொடுத்தோம். பத்து நிமிஷ வேலை.

கடைசியாக ஒரு சங்கடம்

இந்த உதவிகள் எல்லாம் பெரும்பாலும் ஓசியில்தான் நடக்கின்றன. எச்-1பி-யில் இருக்கிறவர் தன் ஸ்பான்சரைத் தவிர வேறு இடத்தில் காசு வாங்கி வேலை செய்ய முடியாது. லாபத்துக்கு நடக்கிற ஆபீஸுக்குக் காசு வாங்காமல் செய்தாலும் சிக்கல் வரலாம், அதனால் வக்கீலைக் கேட்காமல் இறங்காதீங்க. எனக்கு அப்போது ஈ.ஏ.டி. இருந்தது. ஆனாலும் நான் பில் போடவில்லை. பில் போட்டிருந்தால் எம்.எக்ஸ். ரெக்கார்டை ரெண்டு தடவை பார்த்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. ஓசி வேலையில் நமக்கு நல்ல பேர் கிடைக்கும், ரிஸ்க் முழுக்க அவங்க தலையில்.

அதனால் அடுத்த தடவை யாராவது "ஐ.டி.தானே" என்று கேட்டால், டிசைன் பண்ண உட்காராதீங்க. போன் எடுக்கிறவர் யாரோ அவர் கையில் டூலைக் கொடுத்துவிட்டு, நீங்க இதை மட்டும் பாருங்க: டொமைன் ஓனர் பேரில், ஓனர் மெயிலில், ஆட்டோ ரினியூவலோடு இருக்கிறதா? டி.என்.எஸ்.ஸைத் தொடும் முன் எல்லா ரெக்கார்டும் காப்பி எடுத்தாச்சா? எந்த ஃபார்ம் எதை எங்கே அனுப்புகிறது? ஒரு சாயங்கால வேலை. டாக்ஸ் சீசனில் மட்டும் செய்யாதீங்க.

அந்த வெப்சைட்டை இப்போது அக்காதான் பார்த்துக்கொள்கிறாங்க. ஒவ்வொரு ஜனவரியிலும் புதுக் கேள்விகள் சேரும். என் மன்ஹாட்டன் படத்தை எங்கே போட்டாங்க என்று நான் கேட்கவில்லை.

உங்க ஊரில் இப்படி ஓசியில் வெப்சைட் போட்டு மாட்டிக்கொண்ட கதை இருந்தால் ரிப்ளை போடுங்க. அடுத்த எபிசோடில் பேர் சொல்லாமல் படிக்கிறோம்.