மாட்டுக் கழுத்துப் பட்டையும் ரேடியோக் குமிழும்

பேங்க்காரன் எழுதினால் வட்டி, வீட்டுக் கடன், பென்ஷன் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று மாடு. கூடவே ஒரு சிட்டிகை எலெக்ட்ரானிக்ஸ். நான் பி.காம். ஆசாமி, அதனால் பயப்படாமல் படிக்கலாம்.

வடக்கு குஜராத்தில் வேலை பார்க்கும் வங்கி அதிகாரிக்குப் பால் மாட்டுக் கடன் என்பது அன்றாடச் சோறு. மேசாணா எருமை, காங்ரேஜ் பசு என்று கோப்பு கோப்பாக வரும். 2019-ல் கிசான் கிரெடிட் கார்டு கால்நடை வளர்ப்புக்கும் உண்டு என்று ஆன பிறகு கூட்டம் இன்னும் அதிகம். இப்போது சில விண்ணப்பங்களோடு புதிதாக ஒரு கொட்டேஷனும் வருகிறது. மாட்டின் கழுத்தில் கட்டும் பட்டை. உள்ளே அசைவை அளக்கும் சென்சார். மாடு எவ்வளவு நேரம் அசை போடுகிறது, எப்போது படுக்கிறது, எப்போது பருவத்துக்கு வருகிறது, எல்லாம் செல்போனுக்கு வந்துவிடுமாம்.

நான் இதற்கு எதிரி இல்லை. கணக்கு எனக்கும் புரிகிறது. மாட்டின் பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும், சுமார் அரை நாள் முதல் முக்கால் நாள் நீடிக்கும். அந்த நேரத்தில் சினை ஊசி போடாமல் விட்டால் அடுத்த வாய்ப்புக்கு மூன்று வாரம். மூன்று வாரத் தீவனம் வீண், கன்றும் பாலும் மூன்று வாரம் தள்ளிப் போகும், கடன் தவணை மட்டும் தள்ளிப் போகாது! பருவத்தில் பசு வழக்கத்தைவிட அதிகம் நடக்கிறது என்று 1977-லேயே அமெரிக்காவில் கிட்டி என்ற ஆய்வாளர் நடை எண்ணும் கருவி கட்டிப் பார்த்து எழுதிவிட்டார். ஆக, யோசனை பழையது, நல்லது.

என் கருத்து ஒன்றுதான். அந்தப் பட்டையை ட்யூன் செய்யும் வசதி மாடு வளர்ப்பவர் பக்கம் இருக்கிறதா என்று கேட்காமல் அதற்குக் கடனும் கொடுக்கக் கூடாது, மானியமும் கொடுக்கக் கூடாது.

அதென்ன ட்யூன்? வீட்டில் இருந்த பழைய புஷ், மர்ஃபி ரேடியோவை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். காற்றில் எத்தனையோ ஸ்டேஷன்கள் ஒரே நேரத்தில் மிதக்கின்றன. ஏரியல் எல்லாவற்றையும் பிடித்து உள்ளே தள்ளும். நாம் குமிழைத் திருகினால் உள்ளே கேங் கண்டென்சரின் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். ஒரு ஸ்டேஷன் மட்டும் நிற்கும், மற்றதெல்லாம் வெளியே போகும். இதுதான் ஃபில்டர். திருகி மாற்ற முடிவதால் ட்யூன் செய்யக்கூடிய ஃபில்டர். சமையலறைச் சல்லடை மாதிரிதான், கண்ணின் அளவை மட்டும் நாமே மாற்றிக்கொள்ளலாம்.

மாட்டுக் கழுத்திலும் அதே கதை. அசை போடும் மாடு ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை மெல்லும். சென்சார் பிடிப்பது அதை மட்டுமா? ஈ விரட்டத் தலையை உதறுவது, மணி ஆடுவது, சங்கிலி இழுபடுவது, பக்கத்தில் தட்டை வெட்டும் மெஷினின் அதிர்வு, எல்லாம் சேர்ந்து வரும். இதில் நொடிக்கு ஒன்று என்ற அந்தத் துடிப்பைப் பிரித்தெடுக்க வேண்டும்.

ஒரு ரெசிஸ்டரும் ஒரு கண்டென்சரும் போதும், எளிய ஃபில்டர் தயார். கண்டென்சர் 1 மைக்ரோஃபாரட், ரெசிஸ்டர் 159 கிலோ ஓம் என்றால் எல்லை 1 ஹெர்ட்ஸில் நிற்கும். ரெசிஸ்டரை இரண்டு மடங்காக்கினால் எல்லை பாதியாகும். ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் ஒரு பிரிசெட்டைப் போட்டால் திருகித் திருகி நகர்த்திக்கொள்ளலாம். அதற்கு மேல் ஆப்-ஆம்ப் வைத்துச் செய்யும் வடிவங்கள் நிறைய உண்டு. 1955-ல் சாலனும் கீயும் வெளியிட்ட சர்க்யூட் இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

"எல்லாம் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் சார்" என்பார்கள் விற்க வருபவர்கள். பாதி உண்மை. சினிமாவில் ஓடும் வண்டியின் சக்கரம் சில சமயம் பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரியுமே, கவனித்திருக்கிறீர்களா? கேமரா விட்டு விட்டுப் படம் எடுப்பதால் வரும் மாயம் அது. சென்சாரும் அப்படி விட்டு விட்டுத்தான் எண்களைப் பதிகிறது. நொடிக்கு 10 முறை பதிகிறது என்று வையுங்கள். நொடிக்கு 9 முறை அதிரும் ஏதோ ஒன்று, பதிவில் நொடிக்கு ஒரு முறை அசைவது போலவே தெரியும். அதாவது, மாடு அசை போடுவது போல! பதிந்த பிறகு இரண்டையும் பிரிக்க எந்த சாஃப்ட்வேராலும் முடியாது. அதனால்தான் எண்ணாக மாறுவதற்கு முன்னாலேயே ஒரு அனலாக் ஃபில்டர் காவலுக்கு நிற்க வேண்டும். கல்லாவுக்குள் போகும் முன்பே கள்ள நோட்டைப் பிடிக்க வேண்டும், கட்டோடு கலந்த பிறகு புலம்பிப் பயனில்லை.

சரி, ஃபில்டர் இருக்கிறது. யாருக்காகத் திருகி வைத்தது? இதுதான் என் கேள்வி. கொட்டகைக்குள் அவிழ்த்துவிட்டு வளர்க்கும் வெளிநாட்டுப் பண்ணைப் பசுவைப் பார்த்து அளவு வைத்திருந்தால், நம் ஊர் மாட்டுக்கு அது சரிப்படுமா? இங்கே இரண்டு எருமை, ஒரு பசு, மூன்றும் முளையில் கட்டிக் கிடக்கும். கட்டிய மாடு எங்கே நடக்கும்? அதிலும் எருமை ரகசியக்காரி. வெயில் காலத்தில் பருவம் வந்த அடையாளமே சரியாகக் காட்டாது, காட்டினாலும் பெரும்பாலும் ராத்திரியில்தான். போதாக்குறைக்கு இங்கே மே மாத வெயிலில் கண்டென்சரின் அளவே கொஞ்சம் நகரும். 2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் மாடுகள் 19 கோடிக்கு மேல், எருமைகள் 11 கோடிக்குச் சற்றுக் குறைவு. இத்தனைக்கும் ஒரே திருகு என்றால் நியாயமா?

எங்கள் தொழிலிலும் ஃபில்டர் உண்டு. தவணை 90 நாளுக்கு மேல் பாக்கி என்றால் அது வாராக்கடன். ஆனால் பயிர்க் கடனுக்கு அந்த 90 நாள் கிடையாது. குறுகிய காலப் பயிர் என்றால் இரண்டு சாகுபடிப் பருவம், நீண்ட காலப் பயிர் என்றால் ஒரு பருவம். ஏன்? விவசாயியின் வருமானம் மாதாமாதம் வராது, அறுவடைக்குத்தான் வரும் என்று ரிசர்வ் வங்கிக்குத் தெரியும். மாதச் சம்பளக்காரனுக்கு வைத்த ஃபில்டரை விவசாயிக்கு மாட்டியிருந்தால் நல்ல கடனெல்லாம் கெட்ட கடனாகத் தெரிந்திருக்கும். அங்கே இருக்கும் புத்தி இங்கேயும் வேண்டாமா?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாட்டு இன்ஷூரன்ஸில் காது வில்லை இல்லையென்றால் கிளெய்ம் இல்லை. அது அடையாளம், சரி. நாளைக்குப் பட்டையின் பதிவும் ஃபைலில் ஏறினால்? "பத்து நாளாக மாடு சரியாக அசை போடவில்லை என்று பதிவு சொல்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை" என்று எழுதிக் கிளெய்மைத் தள்ளிவிட முடியும். தவறாகத் திருகிய ஃபில்டர் சொன்ன சாட்சிக்கு, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் எப்படி பதில் சொல்வாள்? இந்தப் பக்கம் மாட்டைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் பெண்கள்தான். மாட்டின் கண்ணைப் பார்த்தே உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்வதைவிட மெஷின் சொல்வதற்கு மதிப்பு அதிகம் என்றால், அந்த மெஷின் அவர்களிடம் பாடம் கேட்டிருக்க வேண்டும்.

"அவங்களுக்கு இதெல்லாம் புரியாது சார்" என்பவர்கள் காலையில் ஒரு பால் மண்டலிக்குப் போய்ப் பாருங்கள். பாலின் கொழுப்பை மெஷின் அவர்கள் கண் முன்னால் அளக்கிறது. எண் குறைந்தால் உடனே கேள்வி வரும். கடைத் தராசுக்கு அரசாங்க முத்திரை வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அளவுகோலைச் சரிபார்க்கும் உரிமை அவர்களுக்குப் புதிதல்ல.

எனவே கடன் கொடுக்கும் நாங்கள் மூன்று கேள்வி கேட்டால் போதும். ஒன்று, எருமையா பசுவா, கட்டியதா அவிழ்த்ததா என்று மாற்றி அமைக்க வழி உண்டா? இரண்டு, சினை ஊசி போட வரும் மண்டலி ஆளே அதைச் செய்ய முடியுமா, இல்லை கம்பெனிக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டுமா? மூன்று, பொய் எச்சரிக்கை வந்தால் "இது தப்பு" என்று வளர்ப்பவர் பதிவு செய்ய முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் ஒரு வேலை. மணிநகரிலும் சூரத்திலும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் ஈ.சி.ஈ. படிக்கிறார்கள்! அனலாக் என்றாலே அலறுகிறார்கள். ஆப்-ஆம்ப், பிரிசெட், ஒரு சென்சார் எல்லாம் கடையில் கிடைக்கிறது. கடைசி வருட பிராஜெக்டுக்கு ஒரு எருமையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அதேபோல், ஊரில் அப்பா அம்மா வைத்திருக்கும் மாட்டுக்கு இந்தப் பட்டையை ஆசையாக வாங்கி அனுப்பப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் அந்த மூன்று கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.